யூஆர்எல்லில் ஊர்ப்பெயர் எதற்கு?

யூஆர்எல்லில் வினைச்சொல் கூடாது, பன்மைப் பெயர் வேண்டும் என்பதெல்லாம் பினாங்கில் ரெஸ்ட் சர்வீஸ் (ஆப்கள் யூஆர்எல் வழியாகத் தரவைக் கேட்டு வாங்கும் சேவை) எழுத வரும் புதியவர்களுக்கு இப்போது தெரிந்திருக்கிறது. ஆனாலும் அவர்களுடைய முதல் வரைவில் இப்படி ஒன்று வந்து நிற்கிறது:

/பினாங்கு/ஜார்ஜ்டவுன்/கடைகள்/7/ஆர்டர்கள்/315/ரசீது

மாறக்கூடியதை முகவரியில் வைப்பது

வாடகை ஏறியதும் நாசி கண்டார் கடை பாலம் தாண்டி பட்டர்வொர்த்துக்குப் போய்விடுகிறது. டேட்டாபேஸில் மாறுவது ஒரே ஒரு வரி. ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரசீது லிங்க், ரசீதில் அச்சடித்த கியூஆர் கோடு, கணக்காளர் சேமித்து வைத்த முகவரி எல்லாம் 404, அதாவது ‘அப்படி ஒன்று இல்லை’. எரிச்சல் வருவது இதனால்தான்: இந்தத் தவற்றின் செலவு எழுதியவரைவிட, அந்த சர்வீஸின் ஏபிஐயை (ஆப்கள் அதை அழைக்கும் வழியை) நம்பி ஆப் செய்தவர் தலையில்தான் அதிகம் விழுகிறது.

315 என்ற எண் தனித்துவமானது என்றால் /ஆர்டர்கள்/315 போதும். ஒரு கடையின் பட்டியல் வேண்டுமா? /ஆர்டர்கள்?கடை=7. ஊர் என்பது கடையின் தரவில் ஒரு ஃபீல்டு, அவ்வளவுதான்.

இந்த யூஆர்எல்லுக்குப் பதில் தரும் கோடான ரிசோர்ஸ் கிளாஸுக்குள் இதைவிடப் பெரிய கேடு இருக்கிறது. அனுமதியை யூஆர்எல்லில் உள்ள 7-ஐ வைத்துச் சோதிப்பார்கள்; ஆர்டரை 315-ஐ மட்டும் வைத்து எடுப்பார்கள். 7-ஆம் கடைக்காரர் கடைசி எண்ணை 316 என்று மாற்றினால், அது 9-ஆம் கடையின் ஆர்டராக இருந்தாலும் ரசீது வந்துவிடும். முதலில் ஆர்டரை எடுங்கள். பிறகு அந்த ஆர்டரில் பதிவாகியிருக்கும் கடை, உள்நுழைந்தவருடையதா என்று பாருங்கள்.

பெற்றோர் இல்லாமல் பிள்ளைக்கு அர்த்தமே இல்லை என்றால் மட்டும் ஒரு நிலை உள்ளே போகலாம்: /ஆர்டர்கள்/315/வரிகள்/2. இங்கே ஆர்டர் பெற்றோர், அதன் பட்டியலில் உள்ள 2-ஆம் வரி பிள்ளை.

பழைய யூஆர்எல் ஏற்கெனவே வெளியே போய்விட்டதா? ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்று சொல்லும் 308 குறியைக் கொடுத்துப் புதியதற்குத் திருப்புங்கள். அதே பொருள் தரும் 301 கொடுத்தால் சில கிளையன்ட்கள் (சர்வீஸை அழைக்கும் ஆப்கள்) போஸ்ட்டை (POST, தரவை அனுப்பும் கோரிக்கை) கெட்டாக (GET, படிக்க மட்டுமான கோரிக்கை) மாற்றி அனுப்பும்.

மைகார்டு எண்ணை ஐடியாக்குவது

மலேசிய அடையாள அட்டையான மைகார்டின் எண்ணில் உள்ள 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி. யூஆர்எல்லோ சர்வர் லாக், பிரவுசர் ஹிஸ்டரி என்று எல்லா இடத்திலும் தங்கும். தனி ஐடி உருவாக்குங்கள். மைகார்டு எண்ணால் தேட வேண்டுமானால் அதை போஸ்ட் பாடியில் அனுப்புங்கள்.

கெட்டில் அழிப்பது

வேண்டவே வேண்டாம். 2005-இல் பக்கங்களை வேகமாகத் திறக்க உதவும் கூகுள் வெப் அக்சிலரேட்டர், பக்கத்தில் இருந்த லிங்குகளை முன்கூட்டியே திறந்து பார்த்தபோது, டெலீட் லிங்குகளும் சேர்ந்து இயங்கின.

பிழை வந்தாலும் 200 கொடுப்பது

கூடாது. 200 என்றால் ‘சரி’; கிளையன்ட் அதை வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும்.