அரசியல் சட்டத் திருத்த மசோதாவைத் தொடர்ந்து கவனிப்பது எப்படி?

ஒரு திருத்த மசோதா செய்திகளில் அடிபடத் தொடங்கியதும், அது இந்திய அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவில் கைவைக்கிறது என்பதை முதலில் பாருங்கள். செல்ல வேண்டிய வழி அதைப் பொறுத்தே அமையும். மெட்ராஸ் மாநிலம் 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு ஆவதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதுமாயிருந்தது, ஏனெனில் அத்தகைய பெயர் மாற்றத்தை, அரசியல் சட்டத்தைத் திருத்தும் முறையைக் கூறும் 368ஆவது பிரிவின் கீழான திருத்தமாகக் கருதக் கூடாதென 4ஆவது பிரிவு கூறுகிறது.

368இன் கீழ் வரும் மசோதாவை நாடாளுமன்றத்தின் எந்த அவையிலும் அமைச்சரோ தனி உறுப்பினரோ கொண்டுவரலாம்; மாநிலங்களுக்கு அந்த உரிமை இல்லை. ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோரும் ஆதரிக்க வேண்டும். 543 பேர் கொண்ட மக்களவையில் 272 வாக்குகள் கட்டாயம். 450 பேர் வாக்களித்தால் 300 தேவைப்படும். வெளிநடப்பு செய்தவர்கள் இந்த 450இல் சேர மாட்டார்கள் என்பதால், வெளிநடப்பை எதிர்ப்பு வாக்காக ஒருபோதும் எண்ணிவிடக் கூடாது. 1970 செப்டம்பரில் முன்னாள் சமஸ்தான மன்னர்களுக்கு அரசு வழங்கிவந்த மானியத்தை ஒழிக்கும் மசோதாவுக்கு மாநிலங்களவையில் ஆதரவாக 149, எதிராக 75 வாக்குகள் விழுந்தன. 224இல் மூன்றில் இரண்டு பங்கு 149.33 என்பதால், ஒரு வாக்குக்கும் குறைவான வித்தியாசத்தில் அது தோற்றது. அவைகள் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் கூட்டித் தீர்க்கவும் வழியில்லை.

அடுத்தது, பலரும் பார்க்கத் தவறும் கட்டம். குடியரசுத் தலைவர் தேர்தல், உயர் நீதிமன்றங்கள், மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரித்துக் கூறும் ஏழாவது அட்டவணையின் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம், 368ஆவது பிரிவு ஆகியவற்றைத் தொடும் மசோதாவைக் குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றி ஏற்க வேண்டும். சட்டமன்றங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். ஒரு சொல்லையும் திருத்த முடியாது. ஜிஎஸ்டிக்கான மசோதாவை 2016 ஆகஸ்ட் 12 அன்று அசாம் முதலாவதாக ஏற்றது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றபின், செப்டம்பர் 8 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அவர் மறுக்க இயலாது என்பது 1971 முதல் விதி.

இந்தக் கட்டத்தைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய 97ஆவது திருத்தமே சான்று. கூட்டுறவு மாநிலப் பட்டியலில் இருந்தும் சட்டமன்றங்களின் ஏற்பு பெறப்படவில்லை. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான பகுதியைச் செல்லாதென்று அறிவித்து, பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கான பகுதியை மட்டும் நிலைக்கவிட்டது.