டெக்கான் ஏர்வேஸைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஹைதராபாத் டெக்கான் ஏர்வேஸ், 1945-இல் நிஜாம் அரசும் டாட்டாவும் சேர்ந்து தொடங்கிய விமானக் கம்பெனி. இருப்பிடம் பேகம்பேட்டை. 1953 ஆகஸ்ட் 1-இல் மற்ற கம்பெனிகளோடு இந்தியன் ஏர்லைன்ஸில் கரைந்தது. அதனால் அதன் பழைய விமானங்களைக் கம்பெனிப் பெயரை வைத்துத் தேடினால் பாதி வழியில் தடம் அறுந்துவிடும். விமானத்தின் பதிவெண்ணைப் பிடியுங்கள் என்பேன்.

பழைய புகைப்படத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். வாலருகிலோ இறக்கையிலோ 'விடி' (VT) என்று தொடங்கும் ஐந்தெழுத்து இருக்கும். இந்தியாவுக்குள் முதலாளி மாறினாலும் அது மாறாது. உடலின் இடப்பக்கம், பின்னால், அகலமான இரட்டைக் கதவு தெரிகிறதா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் கட்டிய டகோட்டா என்ற சரக்கு விமானமாக இருக்கும்; அப்படியானால் அமெரிக்க ராணுவப் பதிவேடுகளிலும் தேடலாம்.

ஆட்களைத் தேடுவதென்றால் விமானி பிரேம் மாத்தூரிலிருந்து தொடங்குங்கள். பெண் என்று மற்ற கம்பெனிகள் கதவடைத்தபோது டெக்கான் ஏர்வேஸில்தான் அவருக்குத் துணை விமானி வேலை கிடைத்தது. கம்பெனித் தலைவர்களைவிட இவர் கதைதான் எனக்குச் சுவை.

தபால் உறை சேகரிப்பவர்களையும் கேளுங்கள். 1949-இல் தொடங்கிய இரவுத் தபால் சேவையில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை விமானங்கள் நாக்பூரில் கூடிப் பைகளை மாற்றிக்கொண்டன. உறையின் பின்பக்கத்தையும் படமெடுத்துக் கொள்ளுங்கள். வந்துசேர்ந்த ஊர் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.