இடைவெளிக்குப் பிறகு மறுபடி மைக் பிடிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற வழியில், கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபம். 2024 தொடக்கத்தில் அங்கே நடந்த ஒரு பிஜிஎம்ஐ (செல்போனில் டீமாக ஆடுகிற துப்பாக்கிச் சண்டை கேம்) போட்டியில்தான் நான் மறுபடி கேஸ்டிங், அதாவது மைக்கில் ஆட்ட வர்ணனை, செய்ய உட்கார்ந்தேன். 2022 ஜூலை 28 அன்று ஆப் ஸ்டோர்களிலிருந்து அந்த கேம் எடுக்கப்பட்டபோது மைக்கைக் கீழே வைத்தவன். 2023 மே மாதம் கேம் திரும்பி வந்துவிட்டது. எனக்குத்தான் வேலை, நைட் ஷிஃப்ட் என்று நாள் ஓடிப்போனது.

கடைசி மேட்ச். 61 புள்ளியில் இருந்த ஒரு டீம், அதிகம் சண்டைக்குப் போகாமல் பொறுமையாக நகர்ந்து சிக்கன் டின்னர் அடித்தது, அதாவது கடைசிவரை உயிரோடு நின்று அந்த மேட்சை ஜெயித்தது. கையில் 2 கில், எதிரிகளில் இரண்டு பேரைச் சுட்டு வீழ்த்தியிருந்தார்கள். முதலிடத்தில் இருந்த டீம் 74-இல் நின்றுவிட்டது. நான் 61, 15, 2 என்று மனக்கணக்குப் போட்டு, “78! சாம்பியன்!” என்று கத்தினேன். பையன்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அதில் ஒருவனுடைய அம்மா முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார். சில விநாடியில் திரையில் பட்டியல் வந்தது. 73. இரண்டாம் இடம். அந்த அம்மா மெதுவாக உட்கார்ந்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். நான் விட்டுப்போன காலத்தில் ஒரு மேட்சில் முதலிடத்துக்கு 15 புள்ளி; 15, 12, 10, 8 என்று இறங்கும். 2023-இலிருந்து பெரிய போட்டிகளிலேயே அது 10, 6, 5, 4, 3, 2, 1, 1 என்று மாறிவிட்டது. ஒரு கில்லுக்கு ஒரு புள்ளி என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. விதிமுறைத் தாள் என் மேஜை மேலேயேதான் கிடந்தது. தெரிந்ததுதானே என்று நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

இடைவெளி விட்டுத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் நாக்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். தடுமாறுமா, வார்த்தை வருமா என்று. நாக்கு இரண்டு மேட்சில் பழகிவிடும். ஆபத்து, தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற பழைய ஆட்டம்தான். கண் முன்னால் ஒன்று நடக்கும், வாய் போன வருஷத்து ஆட்டத்தைச் சொல்லும். புள்ளிக் கணக்கு மட்டுமில்லை. வாலரண்ட் என்கிற இன்னொரு துப்பாக்கி கேமில் ஒரு நேரத்தில் போட்டிக்கு ஏழு மேப்தான், அதாவது ஏழு ஆடுகளம்தான். அந்த ஏழு எவை என்பது மாறிக்கொண்டே இருக்கும். பிஜிஎம்ஐயில் ராண்டோ என்கிற மேப் பின்னால் வந்து சேர்ந்தது. பழைய மேப்பான எரங்கலில் பொச்சிங்கி என்கிற ஊரைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற ஆள்கூட அங்கே ஊர் பெயர் தெரியாமல் “அந்தப் பக்கம், இந்தப் பக்கம்” என்று திணறுவார். அதனால் போட்டிக்கு முந்தைய வாரம் உங்கள் பழைய வீடியோக்களைப் பார்க்காதீர்கள். சமீபத்திய ஐந்தாறு மேட்சுகளைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் போட்டு, அதற்கு நீங்களே பேசிப் பாருங்கள். எங்கே வாய் நிற்கிறதோ, அங்கேதான் உங்களுக்கு விஷயம் தெரியவில்லை.

அடுத்தது, என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. வீட்டிலிருந்து ஆன்லைனில் கேஸ்ட் செய்து பழகியவர்கள் நேரடி மேடைக்கு வரும்போது இதில் கட்டாயம் விழுகிறார்கள். ஆன்லைனில் ஒளிபரப்பைச் சில நிமிடம் தாமதப்படுத்தித்தான் விடுவார்கள். நீங்கள் என்ன சொன்னாலும் ஆடுகிறவனுக்குப் பயன்படாது. மண்டபத்தில் உங்கள் குரல் ஸ்பீக்கரில் அந்த நொடியே வருகிறது. பெரிய அரங்குகளில் வீரர்களுக்குக் கண்ணாடி அறை இருக்கும், இல்லாவிட்டால் இயர்போனுக்கு மேல் இரைச்சல் ஓடுகிற ஹெட்செட் போட்டுவிடுவார்கள். நம் பக்கத்துப் போட்டிகளில் ஒரு இயர்போன், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான். அப்போது ஆடுகளம் சுருங்கிச் சுருங்கி மிஞ்சுகிற கடைசி வட்டத்தில் ஒருவன் புல்லில் படுத்து ஸ்நேக் செய்துகொண்டிருக்க, அதாவது யார் கண்ணிலும் படாமல் ஊர்ந்துகொண்டிருக்க, “பாறைக்குப் பின்னால ஒருத்தன் படுத்திருக்கான், இவங்க பார்க்கவே இல்லை!” என்று நீங்கள் உற்சாகமாகச் சொன்னால், அவனைக் கொன்றது நீங்கள்தான். அவனுடைய அரைமணி நேரப் பொறுமையை ஒரு வாக்கியத்தில் அழித்துவிட்டீர்கள்.

அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. இடத்தைச் சொல்லாமல் பதற்றத்தைச் சொல்லலாம். “இந்த இடத்துல யாருமே மூச்சு விடல பாருங்க” என்றால் பார்வையாளருக்குத் திரை மிச்சத்தைக் காட்டிவிடும். யார் எத்தனை புள்ளியில் இருக்கிறார்கள், யாருக்கு இன்னும் எத்தனை கில் வேண்டும் என்று பேசலாம். மேட்ச் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள்: வீரர்களின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, இயர்போனை மாட்டி, நண்பரை மைக்கில் பேசச் சொல்லுங்கள். எவ்வளவு கேட்கிறது என்று உங்கள் காதே சொல்லிவிடும். அதிகமாகக் கேட்டால் ஸ்பீக்கரைக் கூட்டத்தின் பக்கம் திருப்பச் சொல்லி அமைப்பாளரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மண்டபத்தின் எதிரொலியும் புதிதாக இருக்கும். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 34 மீட்டர் தள்ளி இருக்கிற பின்சுவரில் பட்டு உங்கள் குரல் திரும்ப 0.2 விநாடி ஆகும். தன் குரலையே கிட்டத்தட்ட அந்த அளவு தாமதத்தில் கேட்டால் யாருக்கும் பேச்சு தடுமாறும், இழுக்கும். அதைப் பழக்கம் விட்டுப்போனதன் விளைவு என்று நினைத்து உள்ளுக்குள் உடைந்துபோகிறவர்கள் உண்டு. ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு கூட்டத்தைக் கேட்கிற ஆசையை விட்டு, ஹெட்செட்டை இரண்டு காதிலும் முழுசாக மாட்டுங்கள். பாதி சரியாகிவிடும்.

சத்தம் கூடக்கூட நாமும் அறியாமலே குரலை உயர்த்துவோம். எத்தியேன் லொம்பார் என்கிற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். எனவே சவுண்ட் அண்ணனிடம் உங்கள் ஹெட்செட்டில் கேம் சத்தத்தைக் குறைத்து, உங்கள் குரலைக் கூட்டி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் ரேக்ளாவுக்கு மைக் பிடிக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டம். வண்டி கிளம்பியதிலிருந்து கோடு தொடும்வரை ஒரே மூச்சில் கத்தலாம், அதுதான் அழகு. பிஜிஎம்ஐ ஒரு மேட்ச் அரைமணி நேரம். ஒரு நாளில் ஆறு மேட்ச் என்றால் மூன்று மணி நேரம். விமானத்திலிருந்து குதிக்கும்போதே உச்சத்துக்குப் போனால், நாலாவது மேட்சில் குரல் கம்மிவிடும். அதுவும் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது திறந்த மண்டபத்தில் தொண்டை சீக்கிரம் காய்ந்துபோகும். தாகம் எடுத்த பிறகு குடிக்காமல் மேட்சுக்கு மேட்ச் இரண்டு மடக்கு குடித்துக்கொண்டே இருங்கள். தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரிசெய்யாதீர்கள். இடைவேளையில் கிசுகிசுவென்று பேசுவதும் ஓய்வு ஆகாது. பேசாமல் இருப்பதுதான் ஓய்வு.

மொழி விஷயத்துக்கு வருவோம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் போட்டி நடந்தால் எதிரே இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். மறுபடி வருகிறவர்கள் கைதட்டல் வாங்க வேண்டும் என்று தெரியாத மலையாளத்தை அள்ளித் தெளிக்கிறார்கள். “அந்த டீமைச் சாடிட்டாங்க” என்று நீங்கள் தாக்குதலைச் சொன்னால், மலையாளக் காதுக்கு யாரோ எங்கிருந்தோ குதித்ததாகக் கேட்கும். உங்கள் தமிழைத் தெளிவாகப் பேசுங்கள், அவர்களுக்குப் புரியும். மலையாளம் தாய்மொழியாக உள்ள ஒருவர் பக்கத்தில் கேஸ்டராக இருந்தால் அவர் அதைப் பார்த்துக்கொள்வார். ஆனால் பெயர்களில் மட்டும் சோம்பல் வேண்டாம். கேம் ஐடியில் குறிகளும் எண்களுமாக எழுதி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு டீமிடமும் போய், “தம்பி, உன் பேரை எப்படிச் சொல்லணும்?” என்று கேட்டு, காது கேட்டபடி தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தன் பெயர் ஸ்பீக்கரில் சரியாகக் கேட்கும்போது அந்தப் பையன் நிமிர்ந்து உட்காருவான், நீங்களே பார்ப்பீர்கள்.

பக்கத்தில் இருப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் நடப்பதைச் சொல்வார், இன்னொருவர் ஏன் நடந்தது என்று சொல்வார். நீங்கள் இல்லாத காலத்தில் இந்த மேடையைத் தாங்கியவர் அவர். என்னோடு உட்கார்ந்த பாலக்காட்டுத் தம்பி என்னைவிட எட்டு வயது சின்னவன், “சேட்டா, சேட்டா” என்று மரியாதையாக வழி விட்டுக்கொண்டே இருந்தான். நான் அதைச் சாக்காக வைத்து இரண்டு பேர் வேலையையும் பேசித் தள்ளினேன். இன்றைய டீம்களை நன்றாக அறிந்தவன் அவன்தான். புள்ளிக் கணக்கு அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. நான் இடம் கொடுக்காததால்தான் சொல்ல முடியவில்லை. இப்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. துப்பாக்கிச் சத்தம் நின்றவுடன் நான் அவன் முழங்கையைத் தொடுவேன், பேச்சு அவனுக்குப் போய்விடும்.

சின்னதாக இரண்டு. எவ்வளவு நாள் கழித்து வந்தீர்கள், ஏன் போனீர்கள் என்பதை மைக்கில் கதையாகச் சொல்லாதீர்கள்; வணக்கம் சொல்லி லாபிக்கு, அதாவது டீம்கள் மேட்சுக்குக் காத்திருக்கிற திரைக்கு, போய்விடுங்கள், வந்தவர்கள் வீரர்களைப் பார்க்க வந்தவர்கள். அப்புறம், விளம்பரத் தாளை வாங்கியவுடன் படித்துவிடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரிக்கிறது, ஆனால் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்கிறது. பழைய தாளில் அப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முழுப் பதிவையும் கேட்க உட்காராதீர்கள், தூக்கம்தான் கெடும். கடைசி மேட்சின் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் கேளுங்கள். களைத்துப்போன நேரத்தில்தான் பழைய ஆட்டம் வாய்க்குள் நுழையும். அதில் பிடிபட்டதை ஒரு தாளில் எழுதி, அடுத்த நாள் காலையில் புள்ளிப் பட்டியலுக்குப் பக்கத்தில் மேஜையில் ஒட்டி வையுங்கள். என் மேஜையில் இன்றைக்கும் முதல் வரியாக ஒட்டியிருப்பது “10-தான், 15 இல்லை.”