ரூம்மேட் காலி பண்றாரு, ஆ-ஆ-ஆஷ் பணமும் முடியுது: பிரான்ஸ் போன பாண்டிக்காரங்களுக்கு

பொங்கலுக்கு முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்திருக்கேன், வந்த நாள்லேர்ந்து பசங்க ஒவ்வொருத்தரா வந்து பாரீஸ்ல ரூம் எவ்ளோண்ணா, மாசம் கையில எவ்ளோ நிக்கும்னு கேக்கறாங்க. அதுல ஒரு தம்பிக்கு பைக் ஆக்சிடெண்ட்ல ஒரு கால் போச்சு, நேஷனாலித்தே, அதாவது பிரெஞ்சு குடியுரிமை, இருக்கு, அடுத்த மாசம் கிளம்பறான். அவன்கிட்ட சொன்னதத்தான் இங்க எழுதறேன், ஏற்கெனவே போய் இறங்கினவங்களுக்கும் உதவும்.

ஊனம் இருக்கறவங்களுக்கு பிரான்ஸ்ல அரசாங்கம் குடுக்கற மாசப் பணம்தான் ஆ-ஆ-ஆஷ் (AAH). வேற வருமானமே இல்லாதவங்களுக்கு 2025 ஏப்ரல்ல 1033.32 யூரோவா இருந்துச்சு, தொகை ஏப்ரல்ல மாறும். தர்றதா இல்லையான்னு முடிவு பண்றது எம்-தே-பே-ஆஷ் (MDPH)ங்கற ஊனமுற்றோர் ஆபீஸ், பணம் போடறது காஃப் (CAF)ங்கற உதவித்தொகை ஆபீஸ், 5ஆம் தேதி வாக்குல வரும். வாடகைக்கு உதவி ஆ-பே-எல் (APL), அதுவும் காஃப்தான். வீட்டு வாடகையும் ஆ-ஆ-ஆஷும் தனித்தனின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், ஒரே மாசத்துல ரெண்டும் ஆடினப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

பாரீஸ் பக்கத்துல லா கூர்னவ்ல ஒரே வீட்டுல நாங்க மூணு பேர், வாடகை 1200, ஆளுக்கு 400. ஒருத்தருக்கு தூலூஸ்ல வேலை கெடச்சு கிளம்பிட்டாரு, மறு மாசமே என் பங்கு 600 ஆயிடுச்சு, அதே நேரத்துல என் ஆ-ஆ-ஆஷ் முடியற தேதியும் வந்துடுச்சு, நான் ரினியூவலுக்கு பேப்பர் போட்டதே ரொம்ப லேட்டு. ரெண்டு மாசம் கைக்காசுலதான் ஓடுச்சு.

அப்ப எனக்குத் தெரியாத ஒண்ணு. மூணு பேரும் ஒரே பாய்ல, அதாவது வாடகை ஒப்பந்தத்துல, கையெழுத்து போட்டு அதுல சாலிடாரித்தே க்ளாஸ் இருந்தா, முழு வாடகையையும் வீட்டுக்காரர் யார்கிட்ட வேணும்னாலும் கேக்கலாம். போறவருக்கும் அதுல பொறுப்பு இருக்கு, அவர் எடத்துக்கு பாய்ல புது ஆள் வர்ற வரைக்கும், ஆள் வரலன்னா நோட்டீஸ் காலம் முடிஞ்சு 6 மாசம் வரைக்கும். இத முன்னாடியே மூணு பேரும் உக்காந்து பேசியிருந்தா அவரே ஆள் பாத்து விட்டுட்டு போயிருப்பாரு, நல்ல மனுஷன்தான், யாருக்கும் தெரியல அவ்ளோதான். நீங்களே காலி பண்றதா இருந்தா, ஃபர்னிச்சர் இல்லாத வீட்டுக்கு பொதுவா 3 மாச நோட்டீஸ் கேப்பாங்க, ஆ-ஆ-ஆஷ் வாங்கறவங்களுக்கு 1 மாசம் போதும், லெட்டர்ல காரணத்த எழுதி காஃப் குடுத்த அத்தாட்சிய கூட வச்சு ரெக்கமாந்தேல, அதாவது பதிவுத் தபால்ல, அனுப்புங்க.

புதுசா வர்றவங்க நெறைய பேரு தெரிஞ்சவங்க வீட்டுல மாசம் இவ்ளோன்னு கையில குடுத்துட்டு ரசீது இல்லாம இருக்காங்க. முதல் மாசம் ரெண்டு மாசம் வேற வழி இல்ல, புரியுது. ஆனா பாய்ல உங்க பேரு இல்லன்னா ஆ-பே-எல் கெடைக்காது, ஊனம் 80 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு எம்-தே-பே-ஆஷ் போட்டவங்களுக்கு முழு ஆ-ஆ-ஆஷோட சேத்து மாசம் 104.77 யூரோ எம்-வே-ஆன்னு (MVA) ஒரு கூடுதல் பணம் உண்டு, வாடகை உதவி வாங்காதவங்களுக்கு அதுவும் இல்ல. ரூம் 50 யூரோ சல்லிசுன்னு போயி அதவிட ஜாஸ்தி இழக்கறத நான் கண்ணால பாத்திருக்கேன். கோலொக்ல, அதாவது ஒரே வீட்ட பல பேர் பங்கு போட்டு இருக்கறப்ப, பாய்ல பேரு இருக்கற ஒவ்வொருத்தரும் தனித்தனியா ஆ-பே-எல் கேக்கலாம். வீட்டுக்குள்ள போன மாசமே கேட்டுடுங்க, லேட்டா கேட்டா விட்டுப்போன மாசத்துக்கு கெடைக்காது, உள்ள போன முதல் மாசத்துக்கும் வராது, அந்த வாடகைய முழுசா கையில வச்சுக்குங்க.

ஆள் மாறினாலும் பங்கு மாறினாலும் அந்த வாரமே காஃப் சைட்ல மாத்திடுங்க. அதிகமா வந்த பணத்த பின்னாடி மாசாமாசம் புடிச்சுக்குவாங்க. கல்யாணம் பண்ணா ஆ-ஆ-ஆஷ் போயிடும்னு பாரீஸ்ல நம்ம தமிழ் கடைங்க இருக்கற லா சப்பல்ல இன்னும் சொல்றாங்க, 2023 அக்டோபர்லேர்ந்து துணையோட சம்பளத்த அதுல கணக்கு பண்றதில்ல. ஆ-பே-எல்ல பண்ணுவாங்க.

ஆ-ஆ-ஆஷ் ரினியூவல் பேப்பர முடியற தேதிக்கு 6 மாசம் முன்னாடியாவது போடுங்க. போட்டு 4 மாசம் பதில் வரலன்னா சட்டப்படி மறுத்ததா அர்த்தம், அதுக்கப்புறம் 2 மாசத்துக்குள்ள மறுபரிசீலனை கேக்கணும். விசாவுல இருக்கறவங்க பிரான்ஸ்ல தங்கற கார்டு புதுப்பிக்கறப்ப ரெசெப்பிசேய, அதாவது விண்ணப்பம் போட்டதுக்கான ரசீத, காஃபுக்கு உடனே குடுத்துடுங்க. ஊருக்கு வந்தா காலண்டர் வருஷத்துல மொத்தம் கூட்டி 3 மாசத்துக்குள்ள திரும்பிடணும், தாண்டினா முழு மாசம் பிரான்ஸ்ல இருந்த மாசங்களுக்குத்தான் ஆ-ஆ-ஆஷ்.

பணம் நின்னப்ப நான் முதல்ல செஞ்சது அம்மாவுக்கு போன் போட்டு இந்த மூணு மாசம் அனுப்ப முடியாதும்மான்னு உள்ளத சொன்னது. நாலு நாளா தயங்கிட்டு இருந்தேன், அவங்க சாப்டியாடான்னு மட்டும்தான் கேட்டாங்க. சீட்டு விஷயத்துலயும் அப்படித்தான், நம்மாளுங்க நடத்தற சீட்டுல எடுத்துட்டு கட்ட முடியாம போனா காசோட உறவும் போயிடும், அதனால ஆ-ஆ-ஆஷ் முடியற தேதிய தாண்டி ஓடற சீட்டுல சேராதீங்க, சேந்திருந்தா நடத்தறவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. வாடகை ரெண்டு மாசம் நிக்கற வரைக்கும் காத்திருக்காம மெரில, அதாவது நகராட்சில, செ-செ-ஆ-எஸ்னு (CCAS) ஒரு உதவி ஆபீஸ் இருக்கும், அங்க அசிஸ்தாந்த் சோசியால்ங்கற சமூக உதவியாளர பாக்க ராந்தேவூ, அதாவது அப்பாயின்ட்மென்ட், வாங்குங்க, வாடகைக்கு கை குடுக்கற எஃப்-எஸ்-எல்ங்கற (FSL) நிதிக்கு அவங்களே எழுதித் தருவாங்க.

அந்த தம்பிக்கு கடைசியா சொன்னது: இங்க பாத்த ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஆபரேஷன் நோட்டு எல்லாத்தையும் கிளம்பறதுக்கு முன்னாடி வாங்கி வை, அங்க டாக்டர் சர்டிஃபிகேட் எழுதறப்ப பழைய பேப்பர் இருந்தாதான் முழுசா எழுத முடியும். பெட்டியில போடாத, கைப்பையில வச்சுக்க.