ஸ்டீரொய்ட் மாத்திரை: சொகமானதும் நாங்க பண்ற தப்புகள்

இலங்கையில ஹட்டன் பக்கம் ஒரு சின்ன டவுன்ல பாமசி ஒண்ணுல கொஞ்ச வருஷம் கவுன்டர்ல நின்னேன். மாசத்துல நாலஞ்சு தடவையாவது இது நடக்கும். அரைப்பேரோட, அதாவது அரைநாள் வேலையோட, தேயிலை மலையில இருந்து இறங்கி வந்த ஒரு அக்கா, சீலை முந்தானையில முடிஞ்சு வச்ச மாத்திரை காட் (அட்டை) துண்ட அவுத்து மேசையில வைப்பாங்க, "தம்பி, இதே மாதிரி பத்து குடுங்க, இத போட்டா தான் மலை ஏற முடியுது"ன்னு. வெட்டி வெட்டி, பேர் இருந்த பக்கமே காட்ல இருக்காது. மிச்சம் இருக்கிற எழுத்த வெளிச்சத்துல சாய்ச்சு பார்த்தா பிரெட்னிசொலோன்ங்கிற ஸ்டீரொய்ட், 5 மில்லிகிராம். யாரு குடுத்தாங்கன்னு கேட்டா லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, பக்கத்து காம்பரா அண்ணி, அவங்களுக்கு இழுப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) கிளினிக்ல குடுத்தது.

அந்த அக்காவ குறை சொல்லி என்ன செய்ய, மாத்திரை வேலை செய்யுதே. அது தான் இதுல உள்ள சிக்கலே. 1948ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல மூட்டு வாதத்துல முடங்கிக் கிடந்த ஒரு பொம்பளைக்கு முதல் தடவையா கோர்ட்டிசோன்ங்கிற ஸ்டீரொய்ட் ஊசி போட்டாங்க, சில நாள்லயே எந்திரிச்சு நடந்துட்டாங்க, 1950ல அதுக்கு நோபல் பரிசும் குடுத்தாச்சு. ஆனா நாள் போகப் போக மூஞ்சி ஊதுறது, மனசு கலங்குறதுன்னு மத்த கூத்தெல்லாம் வெளிய வந்துச்சு. மருந்து நல்ல மருந்து தான், மூட்டு வாதம், ஆஸ்துமா, லூபஸ், சில சிறுநீரக வருத்தம்ன்னு ஒடம்போட எதிர்ப்பு சக்தி தப்பா வேலை செஞ்சு வீங்க வைக்கிற வியாதிகளுக்கு உசிரயே காப்பாத்தும். முப்பது வருஷம் கூடை சுமந்து தேஞ்சு போன முழங்காலுக்கு அது மருந்தே இல்ல, கொஞ்ச நாள் சொகமா இருக்கும், பசி எடுக்கும், தெம்பா இருக்கும், அவ்வளவு தான்.

இப்ப பெரிய தப்புக்கு வாறேன். சொகமாயிருச்சுன்னு ஒரே நாள்ல நிப்பாட்டுறது. நம்ம ரெண்டு சிறுநீரகத்துக்கும் மேல சின்னதா ரெண்டு சுரப்பி இருக்கு, அது தான் தினமும் கோர்ட்டிசோல்ன்னு ஒண்ண சுரக்குது, பெரியவங்களுக்கு அது ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்கு சமம். வெளியில இருந்து மாத்திரையா அதுக்கு மேல போய்க்கிட்டே இருந்தா சுரப்பி என்ன செய்யும், நமக்கு இனி வேலை இல்லன்னு பிரட்டுக்கு (காலையில வேலைக்கு பேர் குடுக்கிற எடத்துக்கு) வராம படுத்துக்கும். மூணு நாலு கிழமைக்கு மேல தினமும் போட்டவங்க திடீர்னு விட்டா, மாத்திரையும் இல்ல, சுரப்பியும் எந்திரிக்கல, கை கால் சோர்ந்து, வாந்தி, வயித்து வலி, பிரஷர் இறங்கி மயக்கம்ன்னு உசிருக்கே ஆபத்தா போகலாம். அதனால தான் டாக்டர் ஆறு மாத்திரை ஒரு கிழமை, அப்புறம் அஞ்சு, அப்புறம் நாலுன்னு படிப்படியா எறக்கி எழுதுறாங்க. இழுப்பு கூடினதுக்கு அஞ்சு ஏழு நாள் மட்டும் குடுத்தா பெரும்பாலும் அப்படியே நிப்பாட்டலாம், ஆனா எது எந்த வகைன்னு டாக்டர் சொல்லட்டும், நாங்க முடிவெடுக்க வேணாம். இன்னொருத்தர் மாத்திரைய மாசக்கணக்கா போட்டவங்க இத வாசிச்சு பயந்து நாளைக்கே விட்டுறாதீங்க, காட் துண்டையும் எடுத்துக்கிட்டு டாக்டர்ட்ட போய் உள்ளத சொல்லுங்க, திட்டு விழுந்தாலும் பரவாயில்ல.

எண்ணிக்கையில வாற குழப்பம் வேற. 30 மில்லிகிராம்ன்னா 5 மில்லிகிராம் மாத்திரை ஆறு. உறையில 6ன்னு எழுதியிருக்கிறத பார்த்துட்டு காலையில ரெண்டு, பகல் ரெண்டு, ராவைக்கு ரெண்டுன்னு பிரிச்சு போட்ட மாமா ஒருத்தர எனக்கு தெரியும், விடிய விடிய தூக்கமில்லாம லயத்து வாசல்ல குந்திக்கிட்டு இருந்திருக்காரு. பெரும்பாலும் ஆறையும் ஒண்ணா காலையில சாப்பாட்டுக்கு பிறகு தான் போடணும், ஒடம்போட சொந்த கோர்ட்டிசோலும் காலையில தான் கூடுதலா இருக்கும், அதோட ஒத்துப் போகும், ராவைக்கு தூக்கமும் கெடாது. டாக்டர் வேற மாதிரி எழுதியிருந்தா அது வேற கதை. சாப்பாட்டுக்கு பிறகுன்னா ஒரு துண்டு ரொட்டியாவது, வெறும் பிளேன்டீயோட போட்டுட்டு மலைக்கு ஓடுறது சாப்பாடு இல்ல. ஒரு நாள் மறந்துட்டா அதே நாள்ல ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த நாள் சேர்த்து ரெண்டு மடங்கா போடக்கூடாது.

வலிக்கு டைக்ளோபினாக், இபுப்ரோபன்னு வாங்கி இதோட சேர்க்கிறவங்க ரொம்ப பேரு. ரெண்டும் சேர்ந்தா இரைப்பையில புண்ணாகி ரத்தம் கசியலாம், மலம் கறுப்பா தார் மாதிரி போனா நாட்டு வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு போங்க. சும்மா வலின்னா அளவோட பெனடோல் (பரசிட்டமோல்) போதும்.

மூஞ்சி வட்டமா உப்புறப்போ எங்க ஊர்ல என்ன சொல்வாங்க தெரியுமா, "பாரேன், எவ்வளவு நல்லா தேறிட்டா". எங்க சித்திய அப்படித்தான் ஒரு வருஷம் பாராட்டினாங்க. கன்னம் உப்பி கழுத்துக்கு பின்னாடி சதை வைக்கும், ஆனா கையும் தொடையும் மெலிஞ்சுக்கிட்டே போகும், சித்தி குந்தினா கைய ஊனாம எந்திரிக்க முடியல, அத யாரும் கவனிக்கல. உள்ளுக்குள்ள பிரஷர், சீனி, எலும்பு தேய்மானம், கண்புரைன்னு சத்தமில்லாம நடக்கும். சீனி விஷயத்துல ஒரு சூட்சுமம், காலையில வெறும் வயித்துல பார்த்தா சரியா காட்டும், ஆனா பகல் சாப்பாட்டுக்கு பிறகு ஏறி நிக்கும், அதனால சாப்பிட்ட பிறகும் ஒரு தடவை பாருங்க. மூணு மாசத்துக்கு மேல போடணும்ன்னா எலும்புக்கு கல்சியம், விட்டமின் டி வேணுமான்னு நீங்களே கேளுங்க, கூட்டத்துல டாக்டருக்கு மறந்து போகலாம். கருவாடு, ஊறுகாய், உப்பு போட்ட மாங்காய் எல்லாத்தையும் கொறைங்க, இது எங்களுக்கு கஷ்டமான விஷயம்ன்னு தெரியும்.

மனசும் மாறும். காரணமில்லாம கோவம், ஓயாத பேச்சு, தூக்கமில்லாம சந்தேகம். கூடின டோஸ்ல கிடக்கிற ஆளுக்கு இப்படி ஆனா காத்து கருப்புன்னு மந்திரிக்க கூட்டிக்கிட்டு போறதுக்கு முந்தி, என்னென்ன மாத்திரை போடுறாருன்னு எழுதி டாக்டர்ட்ட காட்டுங்க.

அடுத்தது கிருமி. ஸ்டீரொய்ட் வீக்கத்த அடக்குறப்போ நோய் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிடும், காய்ச்சல் கூட ஒழுங்கா காட்டாது. லயத்துல ஒரு புள்ளைக்கு அம்மை போட்டா வரிசை முழுக்க போடும், வேப்பிலை கட்டி வீட்டுக்குள்ள வச்சுக்கிறது நம்ம வழக்கம், அத நான் குத்தம் சொல்லல. ஆனா ஸ்டீரொய்ட் போடுறவங்க, முன்ன அம்மை போடாதவங்களா இருந்தா, அந்த வீட்டுப் பக்கம் போகாதீங்க, போயிட்டா கொப்புளம் வாறதுக்கு முந்தியே டாக்டர்ட்ட சொல்லுங்க, அவங்களுக்கு அது நுரையீரல் வரைக்கும் போகலாம். ரெண்டு கிழமைக்கு மேல இருமல்ன்னா சளிய பரிசோதிக்கணும், பழைய காசநோய் திரும்ப எந்திரிக்கிறதும் இதனால தான். அப்புறம் வெறுங்கால். ஸ்ட்ரோஞ்சிலொய்ட்ஸ்ன்னு ஒரு புழு, ஈர மண்ணுல இருந்து பாதத்து தோல் வழியா ஏறி வருஷக்கணக்கா ஒடம்புல சும்மா கிடக்கும், ஸ்டீரொய்ட் உள்ள போனதும் பெருகி ஒடம்பு முழுக்க பரவி ஆளயே கொல்லலாம். இதே மாதிரி வெறுங்கால் வழியா ஏறுற கொக்கிப்புழுவ ஒழிக்க 1916லயே ராக்பெல்லர் பவுண்டேஷன் மாத்தளை தோட்டங்கள்ல வேலை தொடங்கினாங்க, இன்னும் எங்க ஆளுங்க வெறுங்கால்ல தான் மலையில நிக்கிறாங்க, அது வேற வயித்தெரிச்சல். "வெறுங்கால்ல வேலை செஞ்ச ஆள்"ன்னு மாத்திரை தொடங்க முந்தி டாக்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, ஐவர்மெக்டின் தேவையான்னு அவங்க பார்ப்பாங்க, வழக்கமா குடுக்கிற பூச்சி மாத்திரைய நம்பி இருக்க முடியாது.

சந்தையில விக்கிற "எல்லா வலிக்கும் ஒரே பொடி" மேல எனக்கு நம்பிக்கை இல்ல. மூலிகைன்னு சொல்லி டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீரொய்ட கலந்து விக்கிறத பல நாட்டுல புடிச்சிருக்காங்க, ரெண்டே நாள்ல பத்து வருஷ வலி பறந்துருச்சுன்னா சந்தேகப்படுங்க. இருமலுக்கு அதிமதுரம் நல்லது தான், ஆனா ஸ்டீரொய்டோட தினமும் சேர்ந்தா பொட்டாசியம் இறங்கி பிரஷர் ஏறலாம்.

இதுக்கு நேர்மாறான தப்பும் இருக்கு, போன்ல எவனோ சொன்னத கேட்டுட்டு கிளினிக்ல குடுத்தத பீலிப் (தண்ணி புடிக்கிற எடம்) பக்கம் வீசுறது. லூபஸ் வந்த புள்ளைக்கு அத வீசினா சிறுநீரகமே போயிரலாம். பயமா இருந்தா டோஸ கொறைக்க முடியுமா, வேற மருந்து இருக்கான்னு கேக்கலாம், கேட்டா கோவிச்சுக்குவாங்கன்னு நினைக்க வேணாம்.

நாள்பட போடுறவங்க கிளினிக் கொப்பி முன்பக்கத்துல மருந்து பேரையும் அளவையும் பெருசா எழுதி வைங்க, பல்லு புடுங்க போனாலும் காட்டுங்க, ஒப்பரேஷன்னா கட்டாயம். கடும் காய்ச்சல் வந்தா அளவ கூட்ட வேண்டி வரலாம், எவ்வளவுன்னு இப்பவே கேட்டு எழுதிக்கங்க. மாத்திரை வயித்துல தங்காம வாந்தியா போகுதுன்னா ஊசி தான் வழி, 1990 நம்பருக்கு போன் அடிங்க, அம்பியூலன்ஸ் காசில்லாம வரும், "ஸ்டீரொய்ட் போடுற ஆள்"ன்னு முதல் வார்த்தையிலயே சொல்லிருங்க. மழைக் காலத்துல மண்சரிஞ்சு ரோடு மூடினா கிளினிக் போக முடியாது, 2022ல மருந்தே கிடைக்காம அலைஞ்சதும் மறக்கல, அதனால கடைசி மாத்திரை வரைக்கும் காத்திருக்காம ரெண்டு கிழமைக்கு உள்ளது எப்பவும் கையில இருக்கட்டும். அத அடுப்புக்கு மேல தட்டுல வைக்காதீங்க, சூடும் ஆவியும் பட்டு மாத்திரை கெட்டுரும், மூடி இறுகின டின்ல போட்டு புள்ளைங்களுக்கு எட்டாத எடத்துல வைங்க, காட்ட வெட்டினா பேர் உள்ள பக்கத்த விட்டு வெட்டுங்க.