எப்போதோ ஸ்கீ பழகியவர்கள் ஆல்ப்ஸில் செய்யும் தவறுகள்

டிசம்பர் கடைசியில் பாளையங்கோட்டைக்கு லீவில் வரும் பிள்ளைகளில் பலர் ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வேலை பார்க்கிறவர்கள். சாயங்காலம் வண்ணார்பேட்டைப் பக்கம் டீ குடிக்கக் கூடினால் பேச்சு பிப்ரவரிக்குப் போய்விடுகிறது. "ஆல்ப்ஸ்ல ஒரு வாரம் ரூம் போட்டாச்சு அண்ணாச்சி." அந்தக் கூட்டத்தில் ஒருவனாவது எப்போதோ ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, பழகி, அப்புறம் விட்டவனாக இருப்பான். ஒன்றும் தெரியாதவன் பயந்து நடந்துகொள்வான். பாதி தெரிந்தவனால்தான் வம்பு. நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த கூத்தையே இவர்களும் வரி பிசகாமல் அடிக்கிறார்கள்.

கையுறையை மறக்காதே, தண்ணீர் குடி என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார். நான் மற்றதைச் சொல்கிறேன்.

வாடகைக் கடையில் எழுதும் பொய்

ஸ்கீ வாடகைக் கடையில் ஒரு சின்னப் படிவம் தருவார்கள். எடை, உயரம், வயது, நீங்கள் எந்த வகை ஸ்கீயர் என்று கேட்டிருக்கும். லாட்ஜ் ரிஜிஸ்டர் என்று நினைத்து நம் ஆட்கள் கிறுக்கிக் கொடுக்கிறார்கள். அந்த விவரங்களோடு பூட்டின் அடிநீளத்தையும் மில்லிமீட்டரில் சேர்த்து, அட்டவணையைப் பார்த்துத்தான் கடைக்காரர் பைண்டிங்கைத் திருகி வைக்கிறார். பூட்டை ஸ்கீயோடு கவ்விப் பிடிப்பது பைண்டிங்கின் பாதி வேலை. நீங்கள் விழும்போது விட்டுவிடுவது மீதி வேலை. எவ்வளவு விசை வந்தால் விடும் என்பதற்கான எண்தான் டின் (DIN) எண்.

ஸ்கீயர்களை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். சரிவு குறைந்த இடத்தில் மெதுவாகப் போகிறவர் முதல் வகை. செங்குத்தில் வேகமாக இறங்குகிறவர் மூன்றாம் வகை. முதல் வகைக்கு எண் குறைவு, சீக்கிரம் கழலும். மூன்றாம் வகைக்கு எண் கூடுதல், லேசில் கழலாது. 50 வயதைத் தொட்டவர்களுக்கு இன்னும் ஒரு படி குறைத்து வைப்பார்கள்.

இப்போது வரிசையைப் பாருங்கள். பின்னால் மச்சான் நிற்கிறான், பக்கத்தில் அவன் மனைவி எட்டிப் பார்க்கிறாள். யார் உண்மையை எழுதுவார்கள்? எடையில் 10 கிலோ குறைகிறது, திறமை ஒரு படி ஏறுகிறது. எடையைக் குறைத்தால் பைண்டிங் தேவையில்லாத நேரத்தில் கழன்று ஸ்கீ ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் கிடப்பீர்கள். திறமையை ஏற்றினால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது. முட்டியைப் பதம் பார்ப்பது இதுதான்.

எங்கள் குழுவில் தச்சநல்லூர் மாப்பிள்ளை ஒருவர். மியூனிக்கில் படித்த காலத்தில் கொஞ்சம் பழகியவர். "சைக்கிள் மாதிரிதான் அண்ணாச்சி, உடம்பு மறக்காது" என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் வகையில் டிக் அடித்தார். "ஒண்ணாவதுல போடும் மாப்ள" என்றேன். "சும்மா இருங்க, நம்ம ஆளுக முன்னால..." என்று படிவத்தை மடித்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை, சின்னப் பிள்ளைகள் பழகும் சரிவு. கிட்டத்தட்ட நின்றே விட்டார். ஒரு ஸ்கீயின் முனை மட்டும் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போக, ஆள் பின்பக்கமாக மெதுவாக உட்கார்ந்தார். ஸ்கீ கழலவில்லை. முட்டி திரும்பியது.

மெதுவாக விழும் விழுகையில்தான் இந்த ஆபத்து. வேகம் இல்லாததால் பைண்டிங்கைத் திறக்கும் அளவு விசை வராது. ஆனால் ஜவ்வு கிழிய அது போதும். சரியாக வைத்த பைண்டிங்கும் முட்டியை எப்போதும் காப்பாற்றிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கால் எலும்புக்கு அது நல்ல காவல், முட்டி ஜவ்வுக்கு அவ்வளவு இல்லை. இருக்கிற கொஞ்சக் காவலையும் கடை வாசலிலேயே தொலைத்துவிட்டு வருவானேன்?

மீதி நாளெல்லாம் அவர் அறையில் காலை நீட்டிக் கிடந்தார். முறை வைத்து ஒருவர் துணைக்கு இருந்து ரசம் வைத்துக் கொடுத்தோம். சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கு வாங்கிய பாஸில் இரண்டு பேர் பணம் வீண். அதைக்கூட விட்டுவிடலாம். இன்றைக்கும் எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் "அந்த வருஷம் பனி சரியில்ல" என்கிறார் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை. பனி நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் ஸ்கீயை மாற்றிக்கொள்ளும் பழக்கமும் இதே கணக்குதான். "உன்னது நல்லா வழுக்குதுலே, தா" என்று வாங்கி மாட்டுகிறார்கள். அடிநீளம் ஒத்துப்போனால் பூட் கவ்விக்கொள்ளும். எண்ணோ 90 கிலோ ஆளுக்கு வைத்தது, ஏறி நிற்பவர் 58 கிலோ. பூட் கடிக்கிறதென்று வேறு ஜோடி வாங்கினாலும் ஸ்கீயையும் கடைக்குத் தூக்கிப்போய் மறுபடி வைக்கச் சொல்லுங்கள்.

பல கடைகள் முன்பதிவிலேயே இந்த விவரங்களைக் கேட்கும். வீட்டில் தனியாக உட்கார்ந்து நிரப்புங்கள். ஊரில் தின்ற அல்வாவும் சேர்ந்த எடையையே போடுங்கள். பழக்கம் விட்டுப்போனவர் என்றால் முதல் வகை. யோசிக்கவே வேண்டாம்.

ரெண்டு ஜோடி சாக்ஸ்

வேண்டாம். மெல்லியதாக, முட்டி வரை வரும் ஒரு ஜோடி.

காட்டன் பனியன்

வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு லிஃப்டில் உட்காரும்போது நடுங்க வைக்கும்.

"நெல்லை வெயிலையே பார்த்தவன்"

உயரம் 1000 மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் போலக் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தைச் சுற்றியும் வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரீமை அங்கேயும் தடவுங்கள்.

கூட்டத்தோடு மேலே போவது

நன்றாக ஸ்கீ ஓட்டுகிற நண்பன் "வா, பாத்துக்கலாம்" என்பான். பார்த்துக்கொள்ள மாட்டான். அவன் கீழே போய்க் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் சிவப்புச் சரிவின் நடுவில் தொடை நடுங்க நிற்பீர்கள். பிரான்ஸில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று சரிவுகளின் கடினம் ஏறும். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் பெரும்பாலும் நீலத்தில்தான் கணக்கு தொடங்கும். அதனால் ஓர் ஊரின் நீலம் இன்னோர் ஊரின் நீலத்தைப் போல இருக்கும் என்று நம்பாதீர்கள். முதல் நாள் காலை ஒரு பயிற்சியாளரிடம் இரண்டு மணி நேரம் போங்கள். வல்லவர்கள் தங்கள் வழியில் போகட்டும், சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்ளலாம்.

குழுவாகப் போகிறவர்களுக்கு இன்னொன்று. செல்ஃபி எடுக்க மேட்டுக்கு அடுத்த இறக்கத்தில் வட்டமாக நிற்காதீர்கள். மேலிருந்து வருகிறவர்தான் முன்னால் இருப்பவரைப் பார்த்து ஒதுங்க வேண்டும் என்பது சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் விதி. ஆனால் குறுகலான இடத்திலும், கண்ணுக்குப் படாத இடத்திலும் நிற்கக் கூடாது என்பதும் அதே 10 விதிகளில் ஒன்று.

எல்லாருக்கும் ஒரே பாஸ்

பிரான்ஸின் மூன்று பள்ளத்தாக்கு (Les Trois Vallées) ஸ்கீ வட்டாரத்தில் சுமார் 600 கிலோமீட்டர் சரிவு இருக்கிறது. உங்களுக்கு முதல் இரண்டு நாள் 600 மீட்டர் போதும். தொடக்கக்காரர்களுக்கு இலவச லிஃப்ட் உள்ள ஊர்களும் உண்டு. விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

வ.உ.சி. மைதானத்தை நாலு சுற்று

கிளம்பும் முன் இப்படி ஓடுவது மூச்சுக்கு நல்லது. தொடைக்கு, படி இறங்கிப் பழகுங்கள்.

விசா இன்சூரன்ஸ் போதும் என்ற நினைப்பு

ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது இருக்கிறதே என்று நிம்மதியாகக் கிளம்புகிறார்கள். அந்தப் பாலிசியில் குளிர்கால விளையாட்டு சேர்ந்திருக்கிறதா, மலையிலிருந்து தூக்கி வரும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று படிக்க வேண்டும். பிரான்ஸில் சரிவிலிருந்து ஸ்லெட்ஜில் இறக்குவதற்கே பில் வரும். இத்தாலியில் 2022 முதல், நாம் மோதி அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு இல்லாமல் சரிவில் இறங்கவே கூடாது.

கடைசி லிஃப்ட்

சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் தங்கியிருப்பவர்கள் சாப்பாடு மலிவு என்று மலைக்கு அந்தப் பக்கம், இத்தாலியின் செர்வீனியாவுக்கு இறங்குவார்கள். பாஸ்தாவும் பேச்சுமாக உட்கார்ந்து கடைசி லிஃப்டை விட்டால், மலையைச் சுற்றிச் சாலை வழியாக மணிக்கணக்கில் டாக்சி. அதுவும் செர்மாட் வரை வராது. வெளி வண்டிகளுக்கு ஊருக்குள் அனுமதி இல்லாததால் அதற்கு முந்தின ஊரான டேஷில் இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். காலையிலேயே பலகையில் நேரம் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே லிஃப்டுக்குக் கிளம்பிவிடுங்கள். பாஸ்போர்ட் ஜாக்கெட்டின் உள்பையில் இருக்கட்டும்.