ஓப்பன்எக்ஸ்காமைக் கையடக்கக் கருவிக்குக் கொண்டுபோவது: முதல் முறை போர்ட் செய்பவர்களுக்கு

ஒரு விளையாட்டை வேறொரு வகைக் கருவியில் ஓடும்படி மாற்றியமைப்பதுதான் போர்ட் செய்வது. இங்கே அந்த விளையாட்டு 1994-ல் வந்த ‘யுஎஃப்ஓ: எனிமி அன்நோன்’. அதைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி அறிமுகம். வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வருகிறார்கள், நீங்கள் ஒரு சிறு படையை நடத்துகிறீர்கள். சண்டைக் களத்தில் ஒவ்வொரு வீரருக்கும் நேர அலகுகள் உண்டு. நடந்தால் குறையும், சுட்டால் குறையும், மண்டியிட்டாலும் குறையும். உங்கள் முறை முடிந்த பிறகுதான் எதிரியின் முறை. மித்தோஸ் கேம்ஸில் ஜூலியன் கோலப், நிக் கோலப் சகோதரர்கள் உருவாக்க, மைக்ரோப்ரோஸ் வெளியிட்டது.

கையடக்கக் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டை நான் பார்த்ததில்லை. பேருந்தில் ஏறும்போது கருவியைத் தூங்க வைத்துவிட்டு, இடம் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உங்கள் முறையில் நீங்கள் எதுவும் செய்யாதவரை ஒருவரும் உங்களைச் சுட்டுவிட மாட்டார்கள்.

பழைய டாஸ் விளையாட்டுகளை ஓட்டும் டாஸ்பாக்ஸில் இதை ஓட்டிவிடலாமே என்று கேட்கலாம். ஓடும். ஆனால் பழைய டாஸ் பதிப்பில், சேமித்த ஆட்டத்தைத் திறந்ததும் கடின நிலை தானாகவே ‘தொடக்க நிலை’க்கு இறங்கிவிடும் பிழை இருந்தது. ஒரு களத்துக்கு 80 பொருட்களுக்கு மேல் கொண்டுபோகவும் முடியாது. ஓப்பன்எக்ஸ்காம், அந்த விளையாட்டை ஓட்டும் நிரலான இயந்திரத்தையே சி++ மொழியில் புதிதாக எழுதிய திறமூலத் திட்டம். இந்த இரண்டு தொல்லையும் அதில் இல்லை. மூல நிரல் கையில் இருப்பதால் எந்த வகைச் சில்லுக்கும் நாமே கம்பைல் செய்துகொள்ளலாம், அதாவது அதில் ஓடும் கோப்பாக மாற்றிக்கொள்ளலாம்.

நான் பயன்படுத்துவது ஆன்பெர்னிக் ஆர்ஜி353வி: ராக்சிப் ஆர்கே3566 சில்லு, 2 ஜிபி ரேம், 3.5 அங்குலத் திரை, 640×480. உள்ளே ஆர்க்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம், அதன் மேல் போர்ட்களை நிறுவி ஓட்ட உதவும் போர்ட்மாஸ்டர். இதே வகை 64-பிட் ஆர்ம் கருவி எதுவானாலும் முறை ஏறக்குறைய இதுதான். கோப்பு, கட்டளைப் பெயர்களையெல்லாம் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கருவியில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டச்சிடுங்கள்.

படி 1: தேவையானவை

விளையாட்டின் அசல் தரவு வேண்டும். ஓப்பன்எக்ஸ்காம் தருவது இயந்திரத்தை மட்டும்தான். படங்களும் வரைபடங்களும் ஒலியும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. ஸ்டீமிலோ ஜிஓஜியிலோ வாங்கிய பிரதி போதும். நீங்கள் செய்த போர்ட்டை நண்பர்களுக்குக் கொடுக்கும்போது தரவை நீக்கிவிட்டுக் கொடுங்கள். பிறகு லினக்ஸ் உள்ள ஒரு கணினி. முதல் தடவைக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி வையுங்கள்.

படி 2: எங்கே கம்பைல் செய்வது

புதிதாகச் செய்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். கணினியில் இருக்கும் புத்தம்புது லினக்ஸில் ஆர்ம் நிரலைக் கம்பைல் செய்து கருவியில் போட்டால், நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் இன்ன பதிப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிடும். ஆர்க்ஓஎஸ் உபுண்டு 19.10-ஐ அடிப்படையாகக் கொண்டது. அதில் இருப்பது ஜிலிப்சி 2.30. உபுண்டு 22.04-ல் இருப்பதோ 2.35. பழைய ஜிலிப்சியில் கம்பைல் செய்தது புதியதில் ஓடும், புதியதில் செய்தது பழையதில் ஓடாது. அதனால் கருவியில் இருப்பதைவிடப் பழைய சூழலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் தேர்வு டெபியன் 10. அதில் ஜிலிப்சி 2.28. ஆர்ம் நிரல்களைக் கணினியில் ஓட்டிக்காட்டும் கியூஇஎம்யூவின் யூசர் ஸ்டாட்டிக் தொகுப்பை நிறுவி, டெபூட்ஸ்ட்ராப் கட்டளை மூலம் ஆர்ம்64 டெபியன் 10-ஐ ஒரு கோப்புறைக்குள் இறக்கி, சிஎச்ரூட் செய்து (அந்தக் கோப்புறையையே தனி லினக்ஸாக நடத்தி) உள்ளே நுழையுங்கள். டெபியன் 10-க்கான ஆதரவுக் காலம் முடிந்துவிட்டதால், தொகுப்பு முகவரியாக டெபியனின் ஆவணக் காப்பகத்தைக் கொடுக்க வேண்டும். கியூஇஎம்யூ வழியாக ஓடுவதால் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். பொறுமையாக இருங்கள்.

படி 3: கம்பைல்

சிஎச்ரூட்டுக்குள் கம்பைல் செய்ய ஜிசிசி, அதை நடத்த சிமேக், மூல நிரலை இறக்க கிட் ஆகியவற்றோடு, திரை, ஒலி, உள்ளீட்டைக் கையாளும் நூலகமான எஸ்டிஎல் 1.2, எஸ்டிஎல் மிக்ஸர், எஸ்டிஎல் இமேஜ், எஸ்டிஎல் ஜிஎஃப்எக்ஸ், யாமல்-சிபிபி ஆகியவற்றின் டெவ் தொகுப்புகளையும் நிறுவுங்கள். மூல நிரலை எடுக்கும்போது 2014-ல் வந்த 1.0 பதிப்பை எடுக்காதீர்கள், முதன்மைக் கிளையை எடுங்கள். இரண்டாம் பாகமான ‘டெரர் ஃப்ரம் தி டீப்’புக்கான ஆதரவு 1.0-க்குப் பிறகுதான் சேர்ந்தது. சிமேக்கில் பில்ட் வகையை ‘ரிலீஸ்’ என்று வைத்து ஓட்டுங்கள்.

அடுத்து எஸ்டிஎல் சிக்கல். ஓப்பன்எக்ஸ்காம் எழுதப்பட்டது எஸ்டிஎல் 1.2-க்கு. கருவியில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ்11 கிடையாது. திரையை லினக்ஸ் கர்னலின் கேஎம்எஸ் வழியாகத்தான் தொட முடியும், அது எஸ்டிஎல் 1.2-க்குத் தெரியாது. இதற்கென்றே இருப்பது எஸ்டிஎல்12-காம்பேட். நிரல் எஸ்டிஎல் 1.2-ஐக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்ளும், பின்னால் வேலை செய்வது எஸ்டிஎல்2. இதையும் அதே சிஎச்ரூட்டில் கம்பைல் செய்து, கிடைக்கும் நூலகக் கோப்பை எடுத்து வையுங்கள். எஸ்டிஎல்2-ஐ மட்டும் கூடவே கொண்டுபோகாதீர்கள். கருவியில் இருக்கும் எஸ்டிஎல்2 அந்தத் திரைக்கென்று திருத்தப்பட்டது, அதுவே வேலை செய்யட்டும்.

முடிந்ததும் இயக்கக் கோப்பின் மீது எல்டிடி கட்டளையை ஓட்டி, எந்தெந்த நூலகங்களைத் தேடுகிறது என்று பார்த்து, கருவியில் இல்லாதவற்றைத் தனியாக நகலெடுங்கள்.

படி 4: கோப்புறையும் தொடக்க ஸ்கிரிப்டும்

ரோம்களுக்குள் இருக்கும் போர்ட்ஸ் கோப்புறையில் ‘ஓப்பன்எக்ஸ்காம்’ என்றொரு கோப்புறை. அதற்குள் இயக்கக் கோப்பு, நூலகங்களுக்கென ஒரு துணைக் கோப்புறை, மூல நிரலின் ‘பின்’ என்ற பெயருள்ள கோப்புறையில் இருக்கும் காமன், ஸ்டாண்டர்ட், யுஎஃப்ஓ, டிஎஃப்டிடி என்ற நான்கும். உங்கள் அசல் பிரதியின் ஜியோடேட்டா, மேப்ஸ், டெரைன், யூனிட்ஸ் முதலான கோப்புறைகள் எல்லாம் யுஎஃப்ஓ கோப்புறைக்குள் போக வேண்டும்.

தொடக்க ஸ்கிரிப்ட் போர்ட்ஸ் கோப்புறையிலேயே வெளியே இருக்கும். அதில் வரிசையாக: போர்ட்மாஸ்டரின் கண்ட்ரோல் கோப்பைச் சேர்த்துக்கொள்வது, நூலகப் பாதையை நம் துணைக் கோப்புறைக்குக் காட்டுவது, பொத்தான்களுக்கான ஜிபிடோகீபியைப் (படி 6-ல் வருகிறது) பின்னணியில் தொடங்குவது, பிறகு விளையாட்டைத் தொடங்குவது. விளையாட்டுக்கு டேட்டா, யூசர், கான்ஃபிக் என்ற மூன்று பாதைகளையும் வெளிப்படையாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் சேமிப்புகள் வீட்டுக் கோப்புறைக்குள் எங்கோ போய் உட்காரும். கருவியின் இயங்குதளத்தை மறுபடி நிறுவும் நாளில் அத்தனையும் போய்விடும்.

படி 5: திரை

அசல் விளையாட்டு 320×200. அதை இரண்டு மடங்காக்கினால் 640×400. மேலேயும் கீழேயும் 40 புள்ளிகள் கறுப்பாக நிற்கும். முழுத் திரைக்கு இழுத்தால் உயரம் 2.4 மடங்காகி, சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் எழுத்துகள் கோணலாகத் தெரியும்.

நல்ல வழி ஒன்று உண்டு. காட்சி அமைப்பில் திரை அளவை 640×480 என்று வைத்து, உலக உருண்டை, சண்டைக் களம் இரண்டின் அளவையும் ‘திரையில் பாதி’ என்று தேர்ந்தெடுங்கள். விளையாட்டு 320×240-ல் வரையும். ஒவ்வொரு புள்ளியும் துல்லியமாக இரண்டு மடங்கு. கறுப்புப் பட்டை இருந்த இடத்தில் கூடுதலாக நிலப்பரப்பு தெரியும். ஓப்பன்ஜிஎல் தேர்வை அணைத்து வையுங்கள். கருவியில் இருப்பது அதன் சிறிய வடிவமான ஓப்பன்ஜிஎல் இஎஸ் மட்டும்தான்.

படி 6: பொத்தான்கள்

இதுவரை செய்ததை எல்லாரும் ஒரு நாளில் செய்துவிடுவார்கள். போர்ட் விளையாடக் கூடியதாக ஆவது இந்தப் படியில்தான். இது முழுக்க முழுக்க சுட்டிக்காக வடிவமைத்த விளையாட்டு. ஜிபிடோகீபி, கருவியின் பொத்தான்களைச் சுட்டியாகவும் விசைப்பலகையாகவும் மாற்றித் தரும். அதற்கு ஒரு சிறு உரைக் கோப்பு எழுத வேண்டும்.

இடது குச்சி சுட்டியை நகர்த்தட்டும். வேகத்தைத் தீர்மானிப்பது மவுஸ் ஸ்கேல் என்ற வரி. குச்சியின் மதிப்பை இந்த எண்ணால் வகுத்துத்தான் சுட்டி நகர்கிறது. எண் பெரிதானால் வேகம் குறையும். முழுதாகத் தள்ளிய குச்சியின் மதிப்பு ஏறக்குறைய 32,768. எண்ணை 512 என்று விட்டால் ஒவ்வொரு நகர்விலும் 64 புள்ளிகள். 640 அகலத் திரையைப் பத்து நகர்வில் தாண்டிவிடும், ஒரு கட்டத்தில் நிறுத்தவே முடியாது. 4096 வைத்தால் நகர்வுக்கு 8 புள்ளிகள். அங்கிருந்து உங்கள் கைக்கு ஏற்ப ஏற்றி இறக்குங்கள்.

ஏ பொத்தான் இடது சொடுக்கு, பி வலது சொடுக்கு. எக்ஸ் பொத்தானுக்கு டேப் விசை, அடுத்த வீரருக்குப் போக. ஒய் பொத்தானுக்கு கே விசை, மண்டியிட. தோள் பொத்தான்கள் இரண்டுக்கும் பேஜ்அப், பேஜ்டவுன்: மாடி ஏறி இறங்கிப் பார்க்க. திசைப் பொத்தான்களுக்கு அம்பு விசைகள், ஸ்டார்ட்டுக்கு என்டர், செலெக்டுக்கு எஸ்கேப். திரை ஓரத்தில் சுட்டி பட்டதும் களம் நகரும் அமைப்பை அணைத்துவிடுங்கள். தேய்ந்த குச்சி லேசாக இழுத்தாலும் களம் ஓடிக்கொண்டே இருக்கும்.

முறையை முடிக்கும் பேக்ஸ்பேஸை எந்தப் பொத்தானுக்கும் கொடுக்காதீர்கள். முதலில் நான் ஒரு தோள் பொத்தானில் வைத்திருந்தேன். விமானத்தின் சரிவுப்பலகையில் நான்கு பேர் இறங்கிக்கொண்டிருந்தபோது விரல் பட்டு முறை முடிந்துபோனது. நான்கு பேரும் திறந்தவெளியில் நின்றார்கள், இரண்டு பேர் திரும்பவில்லை. திரையில் இருக்கும் சின்னத்தைத் தேடிப் போய்ச் சொடுக்க ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடி அவசியம்.

சுட்டி நகரவே இல்லையென்றால் யூஇன்புட் சாதனக் கோப்பின் அனுமதியைப் பாருங்கள். ஜிபிடோகீபிக்கு அதில் எழுத அனுமதி இருக்க வேண்டும்.

படி 7: பெயர் எழுதும் இடம்

எல்லாம் சரி, விளையாட்டைத் தொடங்கி, உலக உருண்டையில் முதல் தளத்துக்கு இடம் குறிக்கிறீர்கள். தளத்துக்குப் பெயர் கேட்கிறது. ஓகே பொத்தானே இல்லை! பெயரில் ஓர் எழுத்தாவது விழுந்தால்தான் அது தோன்றும். கருவியிலோ விசைப்பலகை கிடையாது. என் முதல் முயற்சி இந்த இடத்தில்தான் நின்றது.

இதற்கான விடையை ஓப்பன்எக்ஸ்காம் எழுதியவர்கள் முன்பே வைத்திருக்கிறார்கள். ஆப்ஷன்ஸ் கோப்பில் கீபோர்டுமோட் என்ற வரியின் மதிப்பை 0 ஆக்குங்கள். அதன் பிறகு பெயர்ப் பெட்டியில் மேல், கீழ் அம்புகள் எழுத்தை மாற்றும், வலது அம்பு அடுத்த எழுத்துக்குப் போகும், இடது அம்பு அழிக்கும். திசைப் பொத்தான்களுக்கு அம்பு விசைகளைக் கொடுக்கச் சொன்னது இதற்காகவும்தான். ஆட்டத்தைச் சேமிக்கும்போதும் வீரர்களுக்குப் பெயர் மாற்றும்போதும் இதே முறை.

மிச்சம்

இசைக்கு விருப்பத் தேர்வில் பழைய ஒலி அட்டையான அட்லிப்பைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான ஒலி உருவாக்கி இயந்திரத்துக்குள்ளேயே இருப்பதால் மிடிக்கெனத் தனித் தொகுப்பு எதுவும் வேண்டாம். மின்கலம் நீடிக்க எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம்) வரம்பை 60-லிருந்து குறைக்கலாம். 30-ல் சுட்டி விட்டுவிட்டு நகர்வதுபோல எனக்குத் தெரிந்தது, 40 ஒத்துவந்தது.

சோதிக்கும்போது இரவு நேரப் பயங்கரவாதத் தாக்குதல் ஒன்றையாவது முழுதாக ஆடிப் பாருங்கள். பொதுமக்கள், வேற்றுக்கிரகவாசிகள், புகை, தீ எல்லாம் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கும். அது தடங்கல் இல்லாமல் ஓடி, நடுவில் சேமித்து, கருவியை அணைத்து, மறுபடி திறந்ததும் அதே வீரர் அதே கட்டத்தில் மண்டியிட்டு நின்றால் போர்ட் தயார்.